கழுத்துக்கு இறங்கிய நூல்

பாச்சாங்கில் என் போட்டோஸ்டாட் கடைக்கும் பக்கத்து பியூட்டி பார்லருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மற்ற வருஷங்களில் அதை நான் பொருட்படுத்தியதில்லை. நோய்த்தொற்றுக்காக அவசரகாலம் அறிவித்திருந்த அந்த வருஷத்தில் ஒவ்வொரு தும்மலுக்கும் இரண்டு கடைகளிலும் பேச்சு நின்று, கொஞ்சம் பொறுத்துதான் தொடர்ந்தது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவசரகாலம் என்று சொன்னது வேறொன்றை, வெள்ளைக்காரன் காலத்தில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்ததை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி, காட்டோரம் போகத் தடை, வேலைக்குப் போகும்போது சோற்று வாளியைத் திறந்து பார்க்கும் போலிஸ் என்று கதை கதையாகச் சொல்வார்கள். எங்கள் காலத்து அவசரகாலத்தில் முள்கம்பி இல்லை. மூக்கையும் வாயையும் மூடிய ஒரு துணி இருந்தது. அந்தத் துணியைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

என் கடை முன்மேசைக்குப் பின்னால் நின்றபடி நான் பலரைப் பார்த்தேன். தாடைக்குத் தாங்கலாக மாட்டியிருந்தவர்கள் உண்டு. சேலைக் கரைக்குப் பொருத்தமாகத் தைத்து வைத்திருந்தவர்கள் உண்டு. வாசலில் உடம்புச் சூடு பார்க்கும்போது ஒழுங்காக மூடிக்கொண்டு, பேச ஆரம்பித்ததும் இறக்கி, பேசி முடித்ததும் ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. தாளைப் புரட்டுவதற்கு விரலை நாக்கில் தொட வேண்டுமே என்பதற்காகவே முகக்கவசத்தை இறக்குகிறவர்களை என் கடையைப் போன்ற இடத்தில்தான் பார்க்க முடியும். அதற்காகத் தண்ணீரில் நனைத்த ஒரு பஞ்சை மேசையில் வைத்தேன். அதைத் தொட்ட விரலையும் சிலர் பழக்கத்தில் நாக்குக்குக் கொண்டு போனார்கள்.

ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்:

"இத மாட்டுனா எனக்குக் காதே கேக்க மாட்டேங்குது தங்கச்சி."

"எனக்கு நல்லா கேக்குதுங்க ஐயா. நீங்க மாட்டிக்கிட்டே பேசுங்க."

சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார். அந்த வருஷத்து மனிதர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்ல. களைத்துப் போயிருந்தார்கள். நோயைவிட அறிவிப்புகள் அவர்களைக் களைக்க வைத்தன. இன்றைக்குத் திற என்பார்கள், அடுத்த வாரம் மூடு என்பார்கள்.

பக்கத்து பார்லரை நடத்தியவள் என்னைவிட இளையவள். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் அழகுக்கலை படித்து, சொந்தமாகக் கடை வைத்தவள். பல வேலைகள் தெரிந்தவளாக இருந்தாலும் அவளிடம் ஆள் தேடி வந்தது புருவத்துக்காக. பாயா ரும்புட்டிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் வருவார்கள்.

புருவம் எடுப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நீள நூல். அதன் ஒரு முனையை முன்பற்களால் கடித்துக்கொள்வாள். மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் சுற்றி, நடுவில் முறுக்கு விழ வைப்பாள். பிறகு தலையை லேசாகப் பின்னுக்கு இழுப்பாள். முறுக்கு ஓடும், ஓடுகிற வழியில் முடியைப் பிடித்துக்கொண்டு போகும். கைகள் வழிகாட்டும், இழுப்பது வாய்தான். அவள் முகம் படுத்திருப்பவர் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும். நூல் வாயில் இருப்பதால் அவள் பேச மாட்டாள், "ம்" மட்டும் போடுவாள். அதனால்தானோ என்னவோ, படுத்திருப்பவர்கள் மனசில் உள்ளதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு லாரியை விட்டுவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். தொற்று தொடங்கியதும் மையத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: வீட்டில் யாருக்காவது வந்துவிட்டால் அவர் வழக்கமான நாற்காலிக்கு வர முடியாது, தனியாக வைத்துச் செய்கிற இடத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கக்கூடிய உடம்பு இல்லை அவருடையது. அவருக்கே தொற்று வந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடைகள் மூடியிருந்த மாதங்களில் அவளுக்கு அந்தக் கவலை இல்லை, வருமானமும் இல்லை. மறுபடி திறக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது இரண்டும் சேர்ந்து வந்தன. கடையைத் திறக்காவிட்டால் வீடு நடக்காது. திறந்து, நோயைக் கொண்டுபோய்விட்டால் அவர் இருக்க மாட்டார்.

திறப்பதற்கு முந்தைய நாள் ஓர் அறிவிப்புப் பலகைக்காக என்னிடம் வந்தாள். 'முகக்கவசம் அணியவும்' என்று நான் தட்டெழுதியதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இது பத்தாதுக்கா. மூக்கையும்னு போடுங்க. மூக்குன்னு எழுத்துல இருக்கணும்."

"மூக்கு இல்லாம எங்க மாட்டுவாங்க?"

"நீங்க எங்கூட வந்து ஒரு நாளு நில்லுங்க, தெரியும்."

'மூக்கையும் மூடவும்' என்று பெரிய எழுத்தில் போட்டு லேமினேட் செய்து கொடுத்தேன். அவள் கதவு, கைப்பிடி, கட்டில் எல்லாம் துடைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் புதிதாக விரிக்கும் தாள் சுருளை மாட்டினாள். மேலுதடு முடி எடுப்பதில்லை என்று தனியாக எழுதி ஒட்டினாள். யோசிக்க வேண்டிய எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், ஒன்றைத் தவிர.

முதல் ஆள் ஓர் ஆரம்பப்பள்ளி டீச்சர். பலகைக்கு இந்தப் பக்கம் நான் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். படுக்கச் சொன்னது கேட்டது. பவுடர் டப்பா கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டீச்சரின் குரல் வந்தது.

"என்னா ஆச்சி? கண்ண மூடிக்கிட்டு எவ்ளோ நேரம் இருக்கிறது?"

பதிலுக்கு ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. நான் எட்டிப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலாகவே நூலைக் கடிக்கப் பார்த்திருக்கிறாள். நூல் வாயோரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. துணிக்குள் பல் இருக்கிறது, நூல் வெளியே இருக்கிறது. இத்தனை நாள் கிருமிநாசினி வாங்கி, பலகை அடித்து, கட்டிலை நகர்த்திப் போட்டவள், தன் தொழிலின் பாதி தன் வாய்க்குள் இருப்பதை மறந்துவிட்டாள். பழக்கம் என்பது அவ்வளவு உள்ளே போயிருந்தது.

டீச்சரும் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"மாஸ்க்க கொஞ்சம் இறக்கிக்கலா. நாம ரெண்டு பேருதான, யாரு பாக்கப்போறா."

"ரெண்டு பேரு இல்ல டீச்சர். வீட்டுல இன்னொருத்தரு இருக்காரு."

டீச்சர் மறுபடி படுத்துக்கொண்டாள். அன்றைக்கு இவள் அந்தப் புருவத்தைச் சின்னக் கிள்ளியால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி முடித்தாள். மத்தியானம்வரை ஆனது. டீச்சர் கண்ணில் தண்ணீர் வழியப் போனாள்.

அடுத்த சில நாள்கள் அவள் நூலுக்கு ஒரு மூன்றாவது கை தேடினாள். நாற்காலிக் கைப்பிடியில் கட்டிப் பார்த்தாள். கைப்பிடி அசையாததால் இழுப்புக்கு ஏற இறங்க முடியவில்லை. கதவுக் குமிழில் கட்டினாள், யாரோ கதவைத் திறந்தார்கள். கடைசியில் கழுத்தில் கட்டினாள். நூலை வட்டமாக முடிச்சுப் போட்டுத் தலைவழியாக மாட்டி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்தால் முறுக்கு ஓடியது. ஆனால் பல்லுக்குப் பழகிய இழுப்பு வேறு, கழுத்துக்கு வேறு. பல்லில் ஒரு நூலிழை அசைவு போதும். கழுத்தில் தோளே ஆடியது. முதலில் அது பிடுங்கியதைவிட அறுத்தது அதிகம்.

பழகுவதற்கு முடி வேண்டும் என்று என்னிடம் வந்தாள். என் முன்கையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் வழுவழுவென்று ஆனபோது, "இனிமே ஒங்கக்கிட்ட ஒண்ணும் இல்லக்கா" என்று கைவிட்டாள்.

பிறகுதான் கணவரின் புருவம். அவருக்கு ஊசி போடுகிற கையைத் தொடக்கூடாது, மற்றக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மிச்சமிருந்தது முகம். அடர்த்தியான புருவம் அவருக்கு. சாயங்காலம் கடை மூடி, வீட்டுக்குப் போய்க் குளித்து, வேறு துணி மாற்றி, வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தோடு அவரை உட்கார வைத்துப் பழகினாள். வலது பக்கம் சரியாக வந்தால் இடது பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் போய் வலதும் மெலியும். டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அவரே கடைக்கு வந்தபோது வாசலில் நின்று எனக்குச் சொன்னார். "எந்த சலூனு அண்ணேன்னு கேக்குறாளுங்கக்கா. சினிமாவுல சேந்துட்டீங்களான்னு கேக்குறாளுங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வீட்டு சலூன்னு சொன்னேன். ஒருத்தி நம்பர் வாங்கியிருக்கா."

அந்த நர்ஸ் உண்மையிலேயே வந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் முதல் தடவையாகக் கழுத்து நூல் சீராக ஓடும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். பட்டுத்துணியை நகத்தால் கீறுவதுபோல மெல்லிய சத்தம்.

ஆனால் வேகம் பாதியாக இருந்தது. எதிர்வரிசையில் இன்னொரு பார்லர் இருந்தது. அங்கே திரையை இழுத்துவிட்டுக் கவசத்தை இறக்கி, பழையபடி பல்லிலேயே செய்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் திரைக்குப் போனார்கள். போகிறவர்கள் என் கடை வழியாகப் போவதால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் தொறந்தாச்சி, இவ மட்டும் ஆஸ்பத்திரி நடத்துறா என்றார்கள். அவள் அந்தக் கடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொன்னதில்லை. "அவங்க வீட்டுல யாரும் டயாலிசிஸ்ல இல்லக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

மாசி மாதம் ஒரு கல்யாணம் வந்தது. பாயா ரும்புட்டிலிருந்து ஓர் அம்மாள், மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயிலில் கொஞ்சம் பேரோடு தாலி கட்டு, விருந்து கிடையாது, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுக்கப் போகிறார்கள். அந்த ஒரு கல்யாணம் முடிந்தால் பெண்ணின் சிநேகிதிகள், உறவுக்காரர்கள் என்று வரிசையாக வருவார்கள். போனாலும் அப்படித்தான் வரிசையாகப் போவார்கள். அவள் காலையிலிருந்து இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தாள்.

பெண் படுத்துவிட்டாள். இவள் நூலை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டினாள். அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"இரு இரு. என்னா இது?"

"நூலு ஆன்ட்டி. மாஸ்க்கு போட்டுருக்கேன்ல, அதான் கழுத்துல."

"வெள்ளக் கயிறா? தாலிக்கு மேலயா?"

அந்த அம்மாள் மகளின் தலைமாட்டுக்கு வந்து நின்றார்.

"நல்ல காரியத்துக்கு வந்துருக்கோம். சொமங்கலி கழுத்துல வெள்ள நூலக் கட்டிக்கிட்டு எம் பொண்ணு மூஞ்சிக்கு மேல நிப்பியா? அதுவும் ஒன் வீட்டுக்காரரு அப்பிடி இருக்கறப்ப. ஒனக்கே ஒரு மாதிரியா இல்ல?"

"அந்த வீட்டுக்காரருக்காகத்தான் ஆன்ட்டி கட்டியிருக்கேன்."

அவள் குரல் உயரவில்லை. அந்த அம்மாளுக்கும் சொன்ன பிறகு சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இறங்கி வரவில்லை. "நாளைக்கி வாரோம். எதாச்சும் பண்ணு. இல்லன்னா எதுத்தாப்புல போறோம், தப்பா நெனைக்காத" என்று மகளை எழுப்பிக் கூட்டிப் போனார். மகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சாரிக்கா" என்று கண்ணால் சொன்னாள்.

அவர்கள் போனதும் அவள் என் கடைக்கு வந்து தாள் பெட்டிகள் மேல் உட்கார்ந்தாள். ஆத்திரப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவங்க சொன்னது எனக்குக் கோவம் இல்லக்கா. மொத நாளு கண்ணாடியில பாத்தப்ப எனக்கே நெஞ்சு திக்குன்னுச்சி. பாக்காத மாதிரி வேலய செஞ்சிக்கிட்டு இருந்தேன். இப்ப ஒருத்தங்க சொல்லிட்டாங்க. இனிமே எப்பிடிக்கா பாக்காத மாதிரி இருக்கிறது?"

நூல் நூல்தானே என்று நான் சொல்லியிருக்கலாம். என் கழுத்தில் அதை மாட்டச் சொன்னால் நான் மாட்டுவேனா என்று யோசித்தேன். ஒரு தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன். அதைக் குடிக்க, கதவோரம் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுதான் கவசத்தை விலக்கினாள். அப்போதும் அதை அவள் மறக்கவில்லை.

மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தபோது பின்பக்க இரும்புக் கிராதியில் நூல் காய்ந்துகொண்டிருந்தது. நீள நீளமாக, இங்கும் அங்கும் இழுத்துக் கட்டிய மஞ்சள் நூல்.

நடந்ததை அவள் சொன்னாள். முந்தைய இரவு கணவர் சாப்பிடும்போது அவரிடம் கேட்டிருக்கிறாள், தினமும் என் எதிரே உட்கார்ந்திருந்தீர்களே, இந்த வெள்ளை நூலை நீங்கள் கவனிக்கவே இல்லையா என்று.

"மொத நாளே பாத்தேன்னாருக்கா. ஏன் சொல்லலன்னு கேட்டேன். சொன்னா நீ பயந்துக்கிட்டு மறுபடி பல்லுக்குப் போயிடுவ, அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. எந்திரிச்சிப் போயி அடுப்படியில இருந்து மஞ்சத்தூளு டப்பாவ எடுத்துக்கிட்டு வந்து எம் முன்னால வச்சாரு. இத்தன நாளா இது தோணலையேன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அதுவும் உடனே வந்துவிடவில்லை. முதலில் கெட்டியாகக் கரைத்ததில் நூல் விறைத்து, முறுக்கு விழுந்ததும் பட்டென்று அறுந்தது. இரண்டாவதாகத் தண்ணீர் போலக் கரைத்து, முக்கியெடுத்து, பிழியாமல் காயவிட்டாள். காய்ந்த பிறகு துணியால் உருவிவிட்டாள். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சியது, அது முடியை நழுவவிடாமல் பிடித்தது. எந்தப் பள்ளியிலும் அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் இது தேவைப்பட்டிருக்காது.

பதினொரு மணிவாக்கில் அம்மாளும் மகளும் வந்தார்கள். எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. லேமினேட்டர் சூடாகட்டும் என்று விட்டுவிட்டுத் தடுப்போரம் நின்றேன். அவள் மஞ்சள் நூலை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். தாலிச் சங்கிலியோடு அது சேர்ந்து கிடந்தது. அந்த அம்மாள் கிட்டே வந்து பார்த்தார். விரலால் தொட்டு, விரலை மோந்து பார்ப்பதற்காகக் கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கினார்.

"மஞ்சளா?"

"மஞ்சதான் ஆன்ட்டி."

"இப்பப் பாக்க நல்லாருக்கு."

"சரி ஆன்ட்டி. மூக்கு."

"என்னா?"

"மூக்க மூடுங்க."

பெண் படுத்தபடியே சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் ஏற்றிக்கொண்டு, அறிவிப்புப் பலகையை ஒரு தடவை படித்துவிட்டு, உட்கார்ந்தார். வேலை முடியும்வரை இறக்கவில்லை. பெண்ணின் புருவத்தோரம் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது. பஞ்சால் துடைக்கப் போனவளைத் தடுத்து, "இருக்கட்டும், நாளைக்கு நலுங்குதான" என்று அம்மாளே சொன்னார்.

அதன் பிறகு உறவுக்காரர்கள் வந்தார்கள். மஞ்சள் நூல் பார்லர் என்று கேட்டு வந்தார்கள். நடுவருஷத்தில் மறுபடி எல்லாவற்றையும் மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். அவசரகாலம் முடிந்ததாகச் சொன்னார்கள். அதற்குள் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருவர் இல்லை. எங்கள் வரிசையிலேயே ஒரு கடை பிறகு திறக்கவில்லை. எதிர்வரிசைப் பார்லர்க்காரி ஒரு நாள் வந்து, எப்படிக் கட்டுகிறாய் என்று கேட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த மாதங்களில் இவள் கணவர் ஒரு தவணைகூடத் தன் நாற்காலியைத் தவறவிடவில்லை.

முகக்கவசம் இனிக் கட்டாயமில்லை என்று அறிவித்த மறுநாள், வந்தவர்கள் பாதி முகத்தோடு பழகியவளுக்கு முழு முகத்தைக் காட்டினார்கள். சிலரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குரல் கேட்டுத்தான் கண்டுபிடித்தாள். அவள் கவசத்தைக் கழற்றவில்லை. வேலையையும் பல்லுக்குத் திருப்பிக் கொண்டு போகவில்லை. இப்போது கழுத்தால் இழுக்கும்போது தோள் ஆடுவதில்லை, பழைய வேகம் வந்துவிட்டது. வாயில் நூல் இல்லாததால் அவளும் பதிலுக்குப் பேசுகிறாள். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு இரண்டு பேர் பேச்சும் கேட்கிறது.

போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள்:

"இது என்னா நேர்த்திக்கடனாக்கா, கழுத்துல மஞ்சக் கயிறு?"

"இல்லலா. வேல."

வெளியே கார் ஹாரன் அடித்தது. அன்று இவள் கணவருக்கு டயாலிசிஸ் நாள். அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். திரும்பி வரும்போது களைப்பாக இருக்கும் என்பதால் இவளும் கூடப் போவாள். படுத்திருந்தவளின் புருவத்தை முடித்து, நூலைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, புதுக் கவசம் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காருக்குள் ஏறுவதற்கு முன் கண்ணாடி வழியாக அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எடப்பக்கம் கொஞ்சம் வளந்துருச்சி. ஞாயித்துக்கெழம ஒக்காருங்க."

"ஒக்காருறேன்லா, ஏறு. நர்ஸ் ஏற்கனவே கேட்டுட்டா."